உள் அறைக்கு ஒரு படம்

வியாழன் மாலை

காட்பாடியில் மதியம் ஏறிய ரயில் என்னைப் பங்காருப்பேட்டையில் இறக்கிவிட்டபோது மணி ஐந்தரை. அங்கிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதை. கடைசி நிலையமான மாரிகுப்பம் வரை மொத்தமே பதினாறு கிலோமீட்டர். பெங்களூரில் வேலை முடிந்து திரும்புகிறவர்களோடு வண்டி வந்து நின்றது. மூன்றாவது பெட்டியின் வாசலிலிருந்து என் சித்தி மகள் ஷீலா கையசைத்தாள். தினமும் இந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். எனக்காக ஒரு இடத்தில் டிபன் பையை வைத்துக் காவல் காத்திருந்தாள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. முகம் கொடுக்கப் போனேன்.

எஸ்தர் சித்தி இறந்து எட்டு மாதமாகிறது. சித்தப்பாவுக்கு அவருடைய படம் ஒன்று வேண்டும். ஆனால் நல்ல புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஷீலா பிறந்த வருடம் சித்தியின் உதட்டோரத்தில் வெண்புள்ளி ஒன்று தோன்றியது. மெல்ல மெல்லக் கன்னத்தில் படர்ந்தது. அதற்குப் பிறகு அவர் கேமரா முன் நிற்கவேயில்லை. வாக்காளர் அட்டையில் மட்டும் மங்கலாக ஒரு முகம் இருக்கிறது. தங்கவயலிலேயே பாலகாட் என்ற பகுதியில் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரையும் ஒருவரை ஷீலா கண்டுபிடித்தாள். அட்டைப் படம் போதாது, சாயல் உள்ள யாராவது வந்து உட்கார்ந்தால் நல்லது என்று அவர் சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் சித்தியின் சாயல் எனக்குத்தான். இப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு.

ஊர்காம் நிலையத்தில் இறங்கும்போது ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, அந்த வெள்ளை வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஹால்ல மாட்டப்போறோம். அம்மா மொகம் சுத்தமா இருக்கணும்."

சரியென்றுதான் எனக்கும் பட்டது.

வெள்ளி, காலை எட்டு மணி

இரவு சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு, ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். பாலகாட்டுக்கு இருபது ரூபாய்.

"பெயின்டர் அக்கா வூடா?" என்றார் டிரைவர். "செவுருக்கா, படத்துக்கா?"

"படத்துக்கு."

"அப்ப கரெக்டு. செவுருக்குன்னா வேற ஆளு."

ஓவியரின் பெயர் சுஜாதா. ஐம்பதைத் தாண்டியவர், பௌத்தக் குடும்பம். வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. கூரையின் வடக்குச் சரிவில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு அங்கே கண்ணாடி பதித்திருந்தார். அதன் வழியாக நிழல் விழாத வெளிச்சம் அறைக்குள் இறங்கியது. வாசலில் ஈரத்துணி ஒன்று தொங்கியது. காற்றடித்தால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி பறந்து வந்து காயாத வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். அதைத் தடுக்கத்தான் அந்தத் துணி.

"வாங்க வாங்க. டீ குடிச்சிட்டு உக்காருறீங்களா, உக்காந்துட்டு குடிக்கிறீங்களா? பதினோரு மணிக்கு மேல வெளிச்சம் மஞ்சளாயிடும். அதுக்குள்ள முடிக்கணும்."

உட்கார்ந்துகொண்டே குடித்தேன். டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த வாசனை டீயிலும் ஏறியிருந்தது.

சுவரோரம் மூன்று படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஓய்வுபெறப் போகும் ஒரு தலைமை ஆசிரியர், கல்யாண ஜோடி ஒன்று, பேத்தமங்களா ஏரி. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு என்பதால் எப்போதும் நாலு படம் ஒன்றாகத்தான் ஓடும் என்றார். ஏரி யாரும் கேட்காமல் தனக்காக வரைவது. ஐந்து வருடமாக முடியவில்லை.

"பதினாலு வருசம் பெங்களூருல ஒரு கடைக்கு வரைஞ்சேன். ஓடுற குதிரை ஏழு. எப்ப பாத்தாலும் அதே ஏழு குதிரை. ஒரு நாள் மூணாவது குதிரைக்குக் காது போட மறந்துட்டேன். கடைக்காரருக்கும் தெரியல, வாங்கினவங்களுக்கும் தெரியல. அன்னிக்கே வுட்டுட்டு வந்துட்டேன்."

கேன்வாஸில் பழுப்பு நிறத்தில் ஒரு தலை ஏற்கெனவே நின்றிருந்தது. அவர் என்னை ஒரு முறை பார்ப்பார், அதை மூன்று முறை பார்ப்பார், தூரிகை ஒரு முறை தொடும். இடையில் பேச்சே இல்லை. ஒரு மணி நேரத்தில் கழுத்து மரத்துப் போனது. தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க அவங்க கன்னத்தப் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சிறுவயதில் ஒவ்வொரு கோடை விடுமுறையும் இந்த ஊரில்தான் எனக்கு. சித்தி சோறு போட்ட கை நினைவிருக்கிறது, சிரித்த கண் நினைவிருக்கிறது. இடது கன்னம் எப்போதும் புடவைத் தலைப்புக்குள் இருந்தது. நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

சனி, காலை ஒன்பதரை

வார விடுமுறை என்பதால் ஷீலாவும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா சுரங்கத்தில் கேஜ் இயக்கியவர், ஆட்களை ஆழத்துக்கு இறக்கி ஏற்றும் கூண்டு. எழுபதைத் தாண்டிவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, கோயிலுக்கு வந்தவர் போல நின்றார்.

படத்தில் முகம் வந்துவிட்டிருந்தது. என் தாடை, அட்டையில் இருந்த கண், பழுதில்லாத மாநிறக் கன்னம். ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மா. அப்படியே அம்மா."

சித்தப்பா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாகீது," என்றார். "யாரு இது?"

கேன்வாஸுக்கு இன்னும் கிட்டே போனார்.

"கண்ணு அவளுதுதான். ஆனா இது என்னப் பாக்கல. வெளியருந்து வந்தவங்களப் பாக்கறாப்பல கீது."

"ப்பா, அந்த வெள்ளை இல்லாததாலதான் உனக்கு அப்படித் தெரியுது."

"ஆமா."

"அம்மா அத நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் காட்டினதில்ல. சாகிறவரைக்கும் மூடியே வெச்சிருந்தாங்க. இப்ப ஹால்ல தொறந்து வெக்கலாமா? அவங்களக் கேட்டா இன்னா சொல்வாங்க?"

அவள் சொன்னதில் தவறில்லை. சித்தப்பாவும் மறுக்கவில்லை. சுஜாதாவிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டார். தரையில் உட்கார்ந்து, கையெடுக்காமல் ஒரே கோடாக வரைந்தார். உதட்டோரம் தொடங்கி மேலேறி, கண்ணுக்குக் கீழே வளைந்து, காதுமடல் பக்கம் பிரிந்து முடிந்தது கோடு.

"இங்கதான் ஆரம்பிச்சது. இந்த வளைவு வர பத்து வருசம் ஆச்சு. இங்க ஒரு சின்ன தீவு மாரி மாநிறம் நின்னுபோச்சு. அது கடைசிவரைக்கும் மாறல."

சுஜாதா காகிதத்தை வாங்கினார். வண்ணம் வழிக்கும் பேலட் கத்தியைக் கையில் எடுத்தவர், கேன்வாஸ் பக்கம் போகாமல் நின்றார்.

"பெரியவரே, நான் போட்டுடுவேன். வண்ணம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. ஆனா மகளும் சரின்னு சொல்லணும். இல்லன்னா கத்திய வெக்க மாட்டேன்."

ஷீலா வெளியே போய்விட்டாள். அன்று அதோடு வேலை நின்றது.

ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு வழியாக மூவரும் நடந்தோம். ஷீலா முந்தின நாளிலிருந்து அப்பாவிடம் பேசவில்லை. பழக்கடை அருகே சித்தப்பா நின்றார்.

"ஷீலா, ஹாலுக்கு வேணாம்மா."

அவள் திரும்பினாள்.

"ஹால்ல ஒண்ணும் மாட்ட வேணாம். உள் ரூம்ல, என் கட்டிலுக்கு எதுர்ல மாட்டிக்கிறேன். அங்க உங்கம்மா மூடிக்கினு இருந்ததில்ல. கதவச் சாத்தினதும் தலைப்ப எறக்கிடுவா. எனக்கு அவ வோணும். மத்தவங்களுக்கு இன்னாத்துக்கு?"

ஷீலா கடைக்காரரின் ஆரஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வெளிச்சம் போயிடும், ஆட்டோவக் கூப்பிடு," என்றாள்.

பாலகாட் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். சுஜாதா ஷீலாவைப் பார்த்தார். ஷீலா தலையசைத்தாள், கத்தி கன்னத்தில் இறங்கியது. மாநிறம் சுருண்டு வந்ததைத் துணியில் துடைத்தார். மரப்பலகையில் வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், நிழலுக்குத் துளி நீலம் சேர்த்துக் குழைத்தார். "வெறும் வெள்ளைய வெச்சா சுண்ணாம்பு அப்பினாப்பல ஆயிடும். இதுவும் தோலுதான். உள்ள ரத்தம் ஓடுது."

சித்தப்பா அவர் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேஜுக்குச் சைகை கொடுக்கும் குரல் அது என்று ஷீலா என் காதில் சொன்னாள். அவள் முகத்தில் மூன்று நாளில் முதல் சிரிப்பு.

நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேன்வாஸின் முதுகுதான் தெரிந்தது. பதினோரு மணிக்குச் சுஜாதா தூரிகையை வைத்தார். "வந்து பாருங்க."

எழுந்தேன். இரண்டடி வைத்தேன். சித்தி யாரிடமிருந்து முகத்தை மூடிக்கொண்டாரோ, அவர்களில் நானும் ஒருத்திதான்.

"வேணாங்க. சித்தப்பா பாத்தா போதும்."

சுஜாதா வற்புறுத்தவில்லை. கண்ணாடிக் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏரிப் படத்தை எடுத்துப் படம் தாங்கும் சட்டத்தில் வைத்தார்.

மாலை

திரும்பும் ரயிலில் எங்கள் வேலூர் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. வாசலுக்கு நேரே வரிசையாக மாமனார், மாமியார், என் அப்பா படங்கள். வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றும்போதே பார்ப்பது அவர்களைத்தான். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். கூச்ச சுபாவம் கொண்ட மனிதர் என் அப்பா. அவரிடம் கேட்டு மாட்டியதல்ல அது.

மூன்று வாரம் கழித்து ஷீலா போன் செய்தாள். படம் காய்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. படுத்தபடியே படம் தெரிய, சித்தப்பா கட்டிலை நகர்த்தித் தலைமாட்டைக் கால்மாட்டாக்கிப் போட்டுக்கொண்டாராம்.

"நீ அந்த ரூமுக்குள்ள போறியா?" என்று கேட்டேன்.

"போறேங்க்கா. மொதல்ல கதவத் தட்டிட்டுப் போறேன்."