அமானத்தாக வைத்த கார்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இஷ்தியாக் அகமது தோல் பரிசோதகர். வருகிற தோலைத் தடவிப் பார்த்து 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டில் சப்பாத்தியையும் அப்படித் தடவிப் பார்ப்பதாக அவர் மனைவி பில்கிஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் இத்தாலிய டெக்னீஷியன், சின்ன வயதில் தான் சேர்த்த கால்பந்து கார்டு ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். தீப்பெட்டி அளவு அட்டை, அதில் பந்தோடு ஒரு மீசைக்காரர். ஐந்து வருடம் அது மேசைக் கண்ணாடிக்கு அடியில் சும்மா கிடந்தது. சரக்கு பார்க்க வந்த புரூனோ என்கிற இன்னொரு இத்தாலியர் அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இந்த ஆட்டக்காரரின் படம் ரொம்பக் கொஞ்சம்தான் அச்சானதாம். அடுத்த வருடம் வரும்போது இரண்டு லட்சம் ரூபாயோடு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

இஷ்தியாக்கின் மகள் லுப்னாவுக்குப் பிசியோதெரபி படிக்க ஆசை. நாலு வருடப் படிப்புக்கும் கார்டே போதும் என்று அவர் அவளைச் சேர்த்துவிட்டார். ஆனால் முதல் வருடக் கட்டணம் நாற்பதாயிரம் உடனே கட்ட வேண்டும். கார்டை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எத்தினி கிராம் இருக்கும் பாய்?"

கடைசியில் கைகொடுத்தவர் வாஹித் பாஷா. தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் சின்ன யூனிட் நடத்துகிற தோஸ்த். வட்டி ஹராம் என்று ஒரு பைசா கேட்கவில்லை. "கார்டு என்கிட்ட அமானத், நம்பி ஒப்படைச்ச பொருள். புரூனோ வர்ற வரைக்கும் ஒரு தூசி படாம பாத்துக்கறேன், போ."

பாவம், சொன்னதைச் செய்தார். மறு வருடம் புரூனோவை அழைத்துக்கொண்டு இஷ்தியாக் போனபோது, பீரோவிலிருந்து எடுத்து நீட்டினார். மீசைக்காரர் கண்ணாடியாய் மின்னினார்.

"மழையில லேசா நமுத்துப் போச்சு பாய். வுட்டுடுவேனா? ரெண்டு தடவ டாப் கோட் அடிச்சி, சூடு மெஷின்ல ஒரு அமுக்கு. இனிமே தண்ணியில போட்டாக்கூட ஒண்ணும் ஆவாது."

புரூனோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறையோடு இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன், மேலே எதையோ பூசிய பிறகு இதற்கு விலையே இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பணப்பையோடு கிளம்பிப் போய்விட்டார்.

இஷ்தியாக் கார்டைக் கையில் வாங்கினார். விரல் பழக்கத்தில் தானாகத் தடவியது. ஒரு சுருக்கம் இல்லை, திட்டு இல்லை. குறை சொல்ல முடியாத வேலை.

வாஹித் பாஷாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அமானத்தை நான்தான் கெடுத்தேன். அந்த நாப்பதாயிரத்த நீ தர வேணாம்." நியாயமான மனுஷர். அவரைத் திட்டக்கூட வழியில்லை.

கடன் தீர்ந்தது, மீதி மூன்று வருடப் படிப்புக்குத்தான் எதுவும் இல்லை. வீட்டில் சொன்னபோது லுப்னா, "பரவால்லப்பா" என்றாள். அடுத்த மாதம் அப்பாவின் கம்பெனியிலேயே தையல் பிரிவில் சேர்ந்தாள். தினமும் அவர் மேசையைத் தாண்டும்போது சலாம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போவாள். ஒரு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.