இரண்டு கட்டை இறக்கம்

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் சுருதி இறக்கிய பேஸ் கிற்றாருக்கு எந்தக் கம்பி தாங்கும், எது தாங்காது என்பதைப் பத்து வயதிலேயே தெரிந்துவைத்திருந்தேன். பதின்மூன்றாம் வாய்பாடு தெரியாதவனுக்கு இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. பதின்மூன்றாம் வாய்பாடும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குடியில் எங்கள் வீடு. உம்மாவின் கடைசித் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். முடிக்கும்வரை அக்காவான ராத்தா வீட்டில் சோறு. மாமா இந்த இரண்டாவது நிலையை எந்த அவசரமுமில்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தார். பகலில் அரிசி ஆலையில் மெசின் பார்ப்பார். மாலையில் ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பார்.

இசைக்குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் நாலு பேர். ஐந்தாவதாக ஓர் அக்கோடியன்காரர் இருந்தார். அவர் சவூதிக்குப் போய் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். மிஞ்சியவர்களில் கிற்றார்காரர்தான் தலைவர், ஏனென்றால் மைக் அவருடையது. ஒருவர் ட்ரம் அடித்தார். பாடுகிறவர் மாமாவின் பள்ளிக்கூடத் தோழர். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். அவர் சட்டை தைக்கும்போது மெசின் சத்தத்தோடு பாட்டும் வரும். துணி கொடுக்க வந்தவர்கள் அளவு எடுத்த பிறகும் பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

அந்த வருடம் அவருக்குத் தொண்டையில் ஏதோ முளைத்து, ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நோய் போய்விட்டது. போகும்போது குரலின் மேல்மாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சாய்ந்தமருதில் நடந்த கலியாணத்தில் உச்சத்துக்கு ஏறிய குரல் பாதியில் உடைந்து, சேவல் கூவியதுபோல வந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் பதிலுக்குக் கூவினார்கள். நானும் கூவினேன். எல்லாரும் கூவும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் என்ன நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு தையற்கடையில் மெசின் தனியே கதைத்துக்கொண்டிருந்தது. மாமா மாலை தோறும் அந்தக் கடை வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்து, அவர் பொத்தான் தைக்கிறதைப் பார்த்துவிட்டு எழும்பி வருவார். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கிற்றார்காரரோ மருதமுனையில் ஒரு பொடியனைப் பார்த்து வைத்துவிட்டார். குரல் புல்லாங்குழல் மாதிரியாம். அக்கரைப்பற்றில் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் பாட்டுக்காரரின் குரல் உடைந்தால், அடுத்த மேடையில் பொடியன்தான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அப்போதுதான் மாமாவின் மூளை வேலை செய்தது. குரல் மேலே ஏறாவிட்டால் பாட்டைக் கீழே இறக்கலாமே? கிற்றாரையும் பேஸையும் இரண்டு கட்டை தளர்த்திவிட்டால் பழைய உச்சம் பாட்டுக்காரரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஆனால் அது அவருக்குத் தெரியக் கூடாது. உனக்காக இறக்கினோம் என்று சொன்னால், அவர் மைக்கை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிற ஆள்.

விரலை வேறிடத்தில் வைத்து வாசித்தால் போதாதா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதும். ஆனால் எங்கள் ஆட்கள் பாட்டைச் சுரத்தால் அறிந்தவர்கள் அல்லர். கிற்றார்க் கழுத்தில் நாலாவது கோடு, ஏழாவது கோடு என்று விரல் போகும் வழியால் அறிந்தவர்கள். வழியை மாற்றினால் சந்தையில் கைவிடப்பட்ட பிள்ளை மாதிரி முழிப்பார்கள். போதாததற்கு, விரல் இடம் மாறினால் பாட்டுக்காரரின் கண்ணில் படும். கம்பி தளர்ந்தால் படாது.

இதையெல்லாம் மாமா கிற்றார்காரரிடம் சொல்லிக் கெஞ்சியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாமா என் காதைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"என்னத்தடா கேட்டாய்?"

"பாட்டுக்காரருக்குத் தெரியாம இறக்கப் போறீங்க."

"வாயத் தெறந்தியோ, ஒன்ட நாக்க அறுத்து பேஸுக்குக் கம்பியாக் கட்டிருவன்."

நாக்கு கம்பிக்கு உதவாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேஸின் உடம்பில் கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தம் இருக்கிறது. இரும்புக் கம்பி அதிர்வதை அதுதான் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். ஆகவே எந்தக் கம்பியானாலும் முதலில் காந்தம் ஒட்ட வேண்டும். உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமொன்றைக் கையில் தந்து, மாமா என்னைப் பரிசோதகராக நியமித்தார். இரகசியம் வெளியே போகாமலிருக்க என்னைக் கூடவே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று கணக்குப் போட்டிருப்பார்.

கிற்றாருக்குச் சுருதி இறக்கம் அவ்வளவு நோகவில்லை. பேஸுக்குத்தான் உயிர் போனது. இருக்கிற கம்பியை இரண்டு கட்டை இறக்கியதும் அது நனைந்த கொடிக்கயிறு மாதிரித் தொங்கியது. தட்டினால் சுரம் வரவில்லை. கழுத்துக் கோடுகளில் பட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது. இதைப் பார்த்தால் பாட்டுக்காரருக்கு எல்லாம் விளங்கிவிடும். தளர்ந்தாலும் இறுக்கமாக நிற்கிற தடித்த கம்பி வேண்டும்.

முதலில் மாமா பழைய கம்பிகளையே வெந்நீரில் போட்டார். உம்மா மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னடா தம்பி, இடியப்பமா அவிக்கிறாய்?"

"கம்பிக்கு ஊத்தை புடிச்சிரிக்கி ராத்தா. அவிச்சாத்தான் சத்தம் தொறக்கும்."

"அப்ப ஒன்ட தலையையும் அதுக்குள்ள போடு."

அவித்ததில் சத்தம் திறந்தது, தொங்கல் தீரவில்லை. சைக்கிள் கடையில் பிறேக் கம்பி வாங்கினோம். காந்தம் ஆவலோடு போய் ஒட்டியது. ஆனால் முறுக்க முறுக்க, கம்பி இறுகுவதற்குப் பதிலாக முறுக்காணி வளைந்தது. கடற்கரையில் ஒரு தோணிக்காரர், சுறாவையே இழுக்கும் என்று சொல்லித் தடித்த நைலோன் தங்கூசி நூலைத் தந்தார். காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் அறுகம்பேக்கு பஸ் ஏறினோம். அங்கே அலையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களில் ஒருவர் பேஸ் வாசிப்பாராம். தேடிப் பிடித்தோம். தோளுக்குக் கீழே முடி, இடுப்பில் எங்களூர்ச் சாரன். மாமா தன்னுடைய ஆங்கிலத்தைத் தொடங்கினார். நாலாவது வார்த்தையில் அது தீர்ந்ததும் வாயாலேயே பேஸ் வாசித்துக் காட்டினார், முதலில் பழைய சுருதியில், பிறகு இரண்டு கட்டை கீழே. அந்த மனிதர் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் தலையாட்டினார். சிகரெட் பெட்டியைக் கிழித்து, கம்பியின் தடிப்பை எண்ணாக எழுதினார். வட்டக் கம்பி சுற்றியது வேண்டாம், தட்டைக் கம்பி சுற்றியது வாங்கு, அதுதான் கோடுகளில் உரசாது என்று விரலால் தேய்த்துக் காட்டினார். போகும்போது தன் பலகைக்குப் பூசும் மெழுகில் ஒரு கட்டி தந்தார். அது எதற்கென்று தெரியாமல், மரியாதைக்காக மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சிகரெட் அட்டை அரிசி லொறியில் கொழும்புக்குப் போனது. பத்து நாளில் கம்பி வந்தது. லொறி டிரைவர் வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்:

"தம்பி, கடைக்காரன் கேக்கிறான், இது கிற்றாருக்கா, மாடு கட்டவா எண்டு!"

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பேஸின் தலையடியில் கம்பி உட்காருகிற எலும்புத் துண்டின் பள்ளத்துக்குள் அது இறங்க மறுத்தது. நகைக்கடைப் பத்தரிடம் சின்ன அரம் இரவல் வாங்கி, மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை அகட்டினார். ஓர் இழை கூடினால் எலும்பு போச்சு. காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கென்று கேட்காதீர்கள், பதவியில் இருப்பவர்கள் அப்படித்தான்.

கம்பி சரி. ஆனால் அவ்வளவு கீழே போகிற சத்தத்தைப் பழைய ஸ்பீக்கர் தாங்காமல் இருமியது. தியேட்டர் ஒன்றில் கழித்துப்போட்ட பெரிய ஸ்பீக்கரை மாமா தேயிலைப் பெட்டியொன்றில் பொருத்தினார். உள்ளே அதிராமலிருக்கப் பஞ்சு அடைக்க வேண்டியிருந்தது. அன்று முதல் நான் தலையணையில்லாமல் படுத்தேன். ஆனால் அந்தக் கம்பியைத் தட்டியதும் கிணற்றடியில் வாளித் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியதே, அதற்காக இன்னொரு தலையணையும் கொடுத்திருப்பேன்.

ஒத்திகை ஆலையின் உமிக் கொட்டிலில் நடந்தது. பாட்டுக்காரர் மாமாவின் கரைச்சல் தாங்காமல்தான் வந்தார். உச்சம் வரும் இடம் நெருங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் ஏறியது. உடையவில்லை. அங்கேயே நின்று, மெதுவாக இறங்கி வந்தது. ட்ரம்காரர் தட்ட மறந்து நின்றார். பாட்டுக்காரர் தொண்டையைத் தடவினார்.

"பரிசாரியார் தந்த தேன்தான்," என்றார். "ரெண்டு கெழமையா நக்கிறன்."

"பாத்தியா? நான் சொன்னன்தானே!" என்றார் மாமா, ஒருநாளும் சொல்லாதவர்.

தேன் செய்தி ஊரெல்லாம் பரவியது. நாட்டு மருந்து கொடுக்கிற அந்தப் பரிசாரியாரின் வாசலில் மறுநாளே பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் நின்றார். அவருக்குப் பின்னால் கூவி மீன் விற்கிறவரும், எங்கள் வகுப்பு வாத்தியாரும். வாத்தியாருக்குத் தேன் பலித்துவிட்டது என்பது எங்களுக்குக் கிடைத்த துரதிர்ஷ்டம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் திறக்கவில்லை. ஆனால் பாட்டுக்காரரின் மகன் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தான். தன் வாப்பாவின் குரல் முந்தியதை விட மேலே போய்விட்டது என்று காலையிலிருந்து மணி அடிக்கும்வரை அளந்துகொண்டிருந்தான். ஐந்தாம் நாள் என்னால் முடியவில்லை.

"ஒங்கட வாப்பா மேல போகல்ல. எங்கட மாமாதான் கீழ எறக்கின. கம்பிக்குக் காந்தம் புடிச்சதே நான்தான்."

அவன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தையற்கடையைக் கடக்கும்போது தெருவின் மறுபக்கத்தால் போனேன். பாட்டுக்காரர் வழக்கம்போல் சிரித்தார். மகன் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நிச்சயமில்லை.

அக்கரைப்பற்றுக் கலியாணத்தில் பாட்டைப் பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பின் தொடங்கி, பொழுதுபடுகிற மஃரிப் தொழுகைக்கு முன் முடிக்க வேண்டும் என்பது பெண்ணின் வாப்பா போட்ட நிபந்தனை. பீப்பாய்களின்மேல் பலகை அடுக்கிய மேடை. எல்லாரும் தொழப் போனபோது, வெயிலில் கிடந்த பேஸுக்குக் காவலாக என்னை விட்டுப் போனார்கள். மருதமுனைப் பொடியனும் வந்திருந்தான். முன்வரிசைக் கதிரையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு.

முதலில் திரும்பி வந்தவர் பாட்டுக்காரர். நேரே பேஸிடம் போனார். எனக்கு உயிர் இல்லை. மகன் சொல்லிவிட்டான், இப்போது கேட்கப் போகிறார், மாமா என் நாக்கை அறுக்கப் போகிறார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தடித்த கம்பியைத் தட்டினார். புதுக் கம்பி, வெயிலில் சூடாகி இன்னும் தளர்ந்திருந்தது. கண்ணை மூடி, பாட்டின் முதலடியைத் தொண்டைக்குள் முனகினார். முறுக்காணியை ஒரு மயிரிழை திருப்பினார். மறுபடி தட்டினார். மறுபடி முனகினார். ஒத்திகையில் மாமா நிறுத்துகிற அதே இடத்தில், அந்த இரண்டு கட்டை இறக்கத்தில், கம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு மேலே ஒரு துளிகூடத் திருப்பவில்லை. பிறகுதான் நான் நிற்பதைக் கண்டார்.

"மனே, இத மாமாட்டச் சொல்லிராத, என்ன?"

"எத?"

"நான் கம்பியத் தொட்டத."

ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு உயிர் வந்துவிட்டது. மகன் சொல்லவில்லை! இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது! தன் பேஸை வேறு யாரும் தொட்டால் மாமாவுக்குப் பிடிக்காது. ஏச்சு விழும் என்று பயப்படுகிறார், பாவம்.

அன்று அவர் பாடினார். உச்சத்தில் குரல் உடையவில்லை, முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கூவ வழியில்லை. மாமா கம்பியைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை, தோழரின் முதுகையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். கிற்றார்காரர் பொடியன் பக்கம் திரும்பி, லேசாகக் கையை விரித்துக் காட்டினார். பொடியன் எழும்பிப் பிரியாணி சாப்பிடப் போனான்.

திரும்பி வரும்போது லொறியின் பின்பக்கத்தில் தேயிலைப் பெட்டிக்குச் சாய்ந்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில்.

"அந்தப் பரிசாரியார்ர கையில என்னமோ இரிக்கி மச்சான்," என்றார் பாட்டுக்காரர்.

"அதான் சொல்றன். தேன விட்டுராத," என்றார் மாமா.

"விடமாட்டன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பின்னால் ஓடுகிற தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பக்கம் மாமாவின் இரகசியம், அந்தப் பக்கம் பாட்டுக்காரரின் இரகசியம். ஒன்று மற்றதற்குத் தெரியாமல் நான் ஒருவன் நடுவில் இருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவை இரண்டு இரகசியங்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.