ஞாயிற்றுக்கிழமை மலை

சின்ன வயதில் எனக்குத் தெரிந்த மலைகள் இரண்டு. ஒன்று சுவாமிமலை. அறுபது படி ஏறினால் முடிந்துவிடும். அதுவும் மனிதர்கள் கட்டியெழுப்பியதுதான் என்று அப்பா ஒருநாள் சொல்லிவிட்டதால், அதன்மேல் எனக்கிருந்த மரியாதை பாதி குறைந்துபோயிற்று. இன்னொன்று வேல்ஸ் என்ற சீமையில், ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு அப்பாவின் செல்போனில் ஏறுவேன்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் விமானம் ஏறினாள். இரண்டு வருடம் என்றுதான் பேச்சு. ஞாயிறு காலையில் அவளுக்கு மலை, எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி. மலைக்கு ஒரு பெயர் இருந்தது. அம்மா அதைச் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல இருக்கும் என்பதால் நாங்கள் வெறுமனே மலை என்றே சொல்லிக்கொண்டோம்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்த்தால் நாலு பக்கமும் வயல், அதற்கப்பால் வயல். ஊரிலேயே உயரமான இடம் ஆற்றங்கரைதான். அம்மா மூச்சு வாங்க ஏறும்போது நான் மட்டும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை என்று, ஃபோனை எடுத்துக்கொண்டு கரைமேல் நடப்பேன். அவள் அங்கே நடக்க, நான் இங்கே நடக்க, இரண்டு பேரும் ஒன்றாக எங்கேயோ போவதாக எனக்கு நினைப்பு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் திங்கள் முதல் சனி வரை காத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. அவள் கணவர், என் மாமா, பதினெட்டு வருடம் துபாயில் இருந்தவர். அதனால் வெளிநாட்டுக்குப் பேசுவதில் அத்தையை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அவள் வீட்டில் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று.

"வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்ட நல்லத மட்டுந்தான் சொல்லணும். கெட்டதச் சொன்னா அவங்க அங்கேருந்து என்ன பண்ண முடியும்? சோறு எறங்காது, அவ்வளவுதான்."

இந்தச் சட்டப்படி, அவர்கள் வீட்டுப் பசு செத்த விஷயம் மாமாவுக்கு இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து தொழுவத்தை எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் கணக்கு மார்க்கும், மழையில் ஒழுகிய மாடியறையும் இதே வழியாக அம்மாவிடமிருந்து தப்பித்தன.

இரண்டாவது வருடம் ஆனி மாதம் கரைமேல் சைக்கிள் விட்டு விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே ஃபோனை எடுத்து, "சொல்லிடலாமா?" என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை மிரட்டுகிற வாத்தியார். ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டு அவிழ்க்கும் வரைக்கும் வலது கையில் ஃபோனைப் பிடித்து, முகம் மட்டும் தெரியும்படி பேச வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு ஞாயிறு பிசகில்லாமல் ஓடியது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு அம்மா மலையடிவாரத்தில் மரக்கேட்டைத் திறந்து உள்ளே போய்த் திரும்பச் சாத்தினாள். மலைக்கு எதற்குக் கேட் என்பது எனக்குத் தீராத சந்தேகம். உள்ளே இடுப்பளவு பெரணிச்செடி, இரண்டு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர், ஊதா மணிகளைத் தொங்கவிட்ட ஏதோ ஒரு பூச்செடி. முதுகில் நீலச்சாயம் பூசிய ஆடுகள் மேய்ந்துகொண்டே தலையைத் தூக்கி ஃபோனைப் பார்த்தன. முதன்முதலில் அந்த ஆடுகளைப் பார்த்தபோது எந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது என்று கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அவள் மலையை விடாமல் காட்டுவாள். தங்கியிருந்த அறையை மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை. கேட்டால், "அதுல என்ன இருக்கு, மலையப் பாரு" என்பாள். அத்தையின் சட்டம் கடல் கடந்தும் செல்லும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஆத்துல தண்ணி வந்துருச்சாமே? காட்டேன்" என்றாள் அன்றைக்கு.

எனக்கு அலுப்பாக இருந்தது. மேகம் உரசுகிற மலையில் நின்றுகொண்டு கலங்கல் தண்ணீரைப் போய்க் கேட்கிறாளே என்று தோன்றியது. கேமராவைத் திருப்ப வேண்டும், ஃபோனைப் பிடித்திருந்த வலது கையின் கட்டைவிரல் எட்டவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடதுகை விரலால் சட்டென்று தட்டிவிட்டு, ஆற்றையும் நட்டு நாலு நாளான குறுவைப் பயிரையும் காட்டினேன். வரப்பில் நின்ற கொக்குகளைக்கூடக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்." நாலு எட்டு ஏறிவிட்டு, "இந்த வாரம் என்ன விசேஷம்?" என்றாள்.

"ஒன்னுமில்லம்மா. நல்லா இருக்கோம்."

வழக்கமாக இடையில் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். அன்றைக்கு உட்காரவில்லை. ஏறிக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் மறுபடி, "வேற என்ன விசேஷம்?" என்றாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு தடவை கேட்டாள். ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்பாள் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. மூன்று முறையும் அதே பதிலைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

உச்சியில் யார் யாரோ போட்டுவிட்டுப்போன கற்கள் ஆளுயரத்துக்குக் குவிந்திருக்கும். காற்றுக்கு மறைவாக அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ராத்திரி டூட்டி முடித்துத் தூங்காமல் வந்தவள். நான் அதைக் காற்றின் கணக்கில் எழுதினேன்.

"ஒன்னு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு. இங்க இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இருக்கட்டா, வந்துடட்டா? நீ வான்னு சொன்னா வந்துடறேன்."

கரைமேல் அப்படியே நின்றுவிட்டேன். வா என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் போர்வைக்குள் அழுதிருக்கிறேன். ஆனால் கட்டுக்குள் நமைச்சல் பிடுங்கியது, அந்தக் கை இருப்பது ஞாபகம் வந்தது. வந்தாளானால் கையைப் பார்ப்பாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்தது தெரியும். அதைவிட, வா என்று சொன்னால் நான் இங்கே நன்றாக இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அது கெட்ட செய்தி. கெட்ட செய்தி சொன்னால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

"இங்க எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நீ இருந்துட்டு வா."

"நெசமாவா?"

"ம்."

அம்மா தலையாட்டினாள். பிறகு அவள் முகம் திரையிலிருந்து போய், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரி வந்தது. கரும்பச்சையாக, அலையில்லாமல், ஒரு படகுகூட இல்லாத ஏரி. மேகத்தின் நிழல் அதன் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும்வரை காட்டினாள். மற்ற நாட்களில், அதைப் பார், இதைப் பார் என்று வாய் ஓயாது. அன்றைக்கு வெறும் காற்றுச் சத்தம். அப்படியே லைன் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "பெரிய மனுஷி" என்றாள். அப்பா செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் பக்கத்தைத் திருப்பவில்லை.

அம்மா மூன்று வருடமும் முடித்துத்தான் வந்தாள். அதற்குள் நான் அவள் உயரம் வளர்ந்து, எனக்கு நானே சடை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒருநாள் இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, பழைய வேடிக்கை என்று நினைத்து மாவுக்கட்டுக் கதையை எடுத்தேன்.

"தெரியுமே" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல். "ஆத்தக் காட்ட கேமராவத் திருப்புனியே, அப்ப வெள்ளையா வந்துச்சே. நீயா சொல்லுவே, சொல்லுவேன்னு உச்சி வரைக்கும் பார்த்தேன்."

"அப்புறம் ஏம்மா வரலை?"

"நான் இல்லாம நீ பழகிட்டேன்னு நெனச்சேன்."

அம்மா அடுத்த மொச்சையை எடுத்து உரித்தாள். அந்த மலையில் எத்தனை ஆடு மேயும் என்று கேட்டால் அந்த வயதிலேயே எண்ணிச் சொல்லியிருப்பேன். அத்தனை ஞாயிறுகளில் ஒரு தடவைகூட அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மனுஷர் நடந்து நான் பார்க்கவில்லை என்பது மொச்சை உரிக்கும்போதுதான் உறைத்தது.

ஏரியைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மறுநாள் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கட்டுப்போட்ட கையைப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னேன்:

"நேத்து எங்கம்மா எனக்கு ஏரியக் காட்டுனாங்க. ரொம்ப நேரம். அவ்வளவு அழகு, எங்கம்மாவுக்குப் பேச்சே வரல."