பெரியம்மா வீட்டு ரெலிரெக்ஸ்ட்

ரிமோட்டில் மூன்று இலக்கங்களை அமுக்கியதும், கறுத்துப்போன திரையில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் கட்டம் கட்டமான எழுத்துகள் மேலிருந்து கீழாக வந்து நிரம்பும். செய்தி, காலநிலை, காற்பந்து, விமான வருகை என எல்லாவற்றையும் தொலைக்காட்சியிலேயே வாசிக்கத் தந்த அந்தச் சேவையை நாங்கள் "ரெலிரெக்ஸ்ட்" என்போம். நாங்கள் என்று சொல்வதே பொய். அது சுவிஸ் நாட்டின் ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பெரியம்மா வீட்டில்தான் வந்தது. அப்பா "புறொக்கி" எனப்படும் பழைய சாமான் கடையில் வாங்கிய எங்கள் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

எவர் வீட்டிலும் இணையம் இல்லாத அக்காலத்தில், சூரிச்சில் இறங்கும் உறவினரைக் கூட்டிவரப் புறப்படுமுன் எங்கள் சனம் பெரியம்மாவுக்குத்தான் தொலைபேசி எடுக்கும். என்னைவிட ஒரே வயது மூத்த அவர் மகள் நிர்மலா சோபாவில் இருந்தபடி, விமானம் வந்துவிட்டதா, பிந்துமா என்று வாசித்துச் சொல்வாள். "ஜேர்மன் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு" என்று என் அப்பாவே சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதுக்குள் பழித்துக்கொள்வேன்.

அப்பாவும் நானும் வந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், என் பத்தாவது வயதில், அம்மா கொழும்பிலிருந்து வரும் நாள் வந்தது. அன்று காலை கடும் மூடுபனி, பல விமானங்கள் இறங்காது என்றார்கள். உணவகச் சமையலறையில் நின்ற அப்பா, விமானம் வருவது உறுதியானால்தான் வேலையை விட்டுக் கிளம்பமுடியும். தலைமுழுகப் போன நிர்மலா, தன் தாய்க்குக்கூடச் சொல்லாமல் ரிமோட்டை என்னிடம் தந்தாள்.

"உன்ர அம்மாவெல்லோ வாறா, நீயே பார். விளங்காட்டிக் கூப்பிடு."

பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவின் விமானம் இல்லை. மூலையில் 1/2 என்று இருந்தது. அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் பக்கம் தானாக மாறி மிச்ச விமானங்களையும் காட்டியிருக்கும். நிர்மலாவிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பில், "இல்லை" என்று கத்தினேன். நடையில் தொலைபேசியுடன் நின்ற பெரியம்மா, நிர்மலா வாசித்ததைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து அப்பாவுக்குச் சொன்னார்: "பட்டியலில இல்லையாம்."

அம்மா சரியான நேரத்துக்கே வந்திறங்கினார். ஒரு சொல் ஜேர்மன் தெரியாமல் நான்கு மணித்தியாலம் தனியே நின்று அழுதவரை, யாரோ ஒரு தமிழர் கண்டு அறிவித்த பிறகே அப்பா ஓடினார்.

மாலையில் எல்லோரும் கூடியபோது அப்பா நிர்மலாவிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை, வடிவாய்ப் பாக்கேல்லையே?" வேறொருவர் வாசித்திருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவள் என்னை ஒருதரம் பார்த்தாள்.

"ஓம் சித்தப்பா, நான்தான் கவனிக்கேல்லை."

இன்று விமானம் எந்தக் கடலுக்கு மேல் பறக்கிறது என்பதுகூடக் கைபேசியில் தெரிகிறது. பல நாடுகளில் அந்த எழுத்துப் பக்கங்களை நிறுத்திவிட்டார்கள், எஞ்சியிருப்பவற்றையும் வயதானவர் சிலரே பார்க்கிறார்கள். ஆனால் விருந்துகளில் அம்மா அந்தக் கதையை எடுத்து நிர்மலாவைப் பகிடி பண்ணுவது மட்டும் நிற்கவில்லை. சூக் நகரிலிருந்து வந்திருக்கும் அவளும் சேர்ந்து சிரிப்பாள். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். சொன்னால் எல்லோர் கண்ணிலும் அவள் இன்னும் உயர்ந்துவிடுவாளே என்ற பொறாமையில், இன்றுவரை சொல்லவில்லை.