குப்பம்மாவின் வருகைப் பதிவு

மங்கம்மாளுக்கு யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. மூன்று வருடம் ஆடு விற்றும் புளி விற்றும் கடனைக் கட்டி முடித்து, இனி அந்தக் கடன் கம்பெனி வாசலையே மிதிப்பதில்லை என்று புதூர்நாட்டில் தலை நிமிர்ந்து நடந்தவள் அவள். கெடுத்தது அந்த வாய்தான்.

போன தை மாதம், கம்பெனி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று மார்க் போட சென்னையிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. வசூல், நிர்வாகம், கடன் வாங்கிய பெண்களின் வாரக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது வரை மார்க்காம். நல்ல மார்க் வாங்கினால்தான் கம்பெனிக்கு பேங்க் பணம் கொடுக்கும். கிளை மேனேஜர் ராஜ்குமார் முதல் நாளே ஓடி வந்தான்.

"நம்ம கடன் கூட்டத்து குப்பம்மா மிளகு பறிக்க காபி தோட்டத்துக்குப் போய்ட்டாங்க. அவங்க எடத்துல நீங்க ஒக்காருங்கம்மா. ஒரு மணி நேரந்தான்."

உட்கார்ந்தாள். குப்பம்மா பேரைக் கூப்பிட்டதும் "இருக்கேன் சார்" என்றாள். கைரேகை வைத்தாள். போட்டோவும் எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் சேதி வந்தது. முந்தின நாளே தோட்டத்தில் பாம்பு கடித்துக் குப்பம்மா செத்துப் போயிருந்தாள்.

கடனோடு இன்சூரன்ஸ் உண்டு. ஆள் செத்தால் பாக்கி தள்ளுபடி. திருப்பத்தூரில் நர்சிங் படிக்கும் குப்பம்மாவின் மகள் கவியா அதைத்தான் நம்பியிருந்தாள். இன்சூரன்ஸ்காரர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். செத்த மறுநாள் கூட்டத்துக்கு வந்தவள் எப்படிச் செத்திருப்பாள் என்று கேட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மங்கம்மாள் கிளைக்கு ஓடினாள். "ஒக்காந்தது நான்தான்னு எழுதிக் குடுத்துடுங்க சார். தாயில்லாத பொண்ணு, இன்னா பண்ணும்?"

"எழுதினா எங்க மார்க் போய்டும்மா. போட்டோல இருக்கறது நீங்க, கைரேகையும் உங்களுது. கேஸ் உங்க மேலதான் வரும்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னான், படுபாவி! கூட்டத்துப் பெண்களும் சும்மா இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் கவியா வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். அவள் படிப்பை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகிறேன் என்றாள். "நீ படி, நான் கட்றேன்" என்றாள் மங்கம்மாள்.

கம்பெனிக்கு முதல் தரம் கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கிளையில் மாட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கூட்டம் நடக்கிறது. கடன் தீரும்வரை பேரைக் கூப்பிட்டாக வேண்டும்.

"குப்பம்மா?"

மங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொல்கிறாள்.

"இருக்கேன் சார்."