சடைவழி ஓடிய வண்டி

அபோண்டி செய்த ஒரே தப்பு, சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததுதான்.

கிசுமு நகரில், மன்யாட்டா வேன் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கிறாள் அவள். அதற்கு முன்பு ஒன்பது வருடம் நைவாஷாவில் ஒரு பூப்பண்ணையில் தண்ணீர் மோட்டார்களோடு மல்லுக்கட்டியவள். கடைசி வருடம் அங்கே தானாகவே தண்ணீர் பாய்ச்சும் எந்திரங்கள் வந்தன. அவற்றைத் திறந்து பார்க்கவே யாரையும் விடவில்லை. கெட்டுப்போனால் வெளியூரிலிருந்து ஆள் வரும். நம் பிள்ளைகளாவது இவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அப்போது மனதில் விழுந்ததுதான்.

ஊர் திரும்பியதும் நாலு மாதம் நடையாய் நடந்து, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நூலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினாள். மின்சாரம் உண்டு, பூட்டுப் போட்ட அலமாரி உண்டு. நூலகப் பொறுப்பாளர் ஒமொல்லோ ஒரு நிபந்தனை போட்டார்: மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு பிள்ளைகளாவது சேர வேண்டும், இல்லாவிட்டால் அறை தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போய்விடும். 'ரோபோ சங்கம், சனி காலை பத்து மணி' என்று அட்டை எழுதி மாட்டினாள். பள்ளி இல்லாத நாள்தானே.

முதல் சனிக்கிழமை மூன்று பையன்கள் வந்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே மூன்று பேர். பேர் கொடுத்திருந்த ஒன்பது பெண் பிள்ளைகளில் ஒருத்திகூட எட்டிப்பார்க்கவில்லை.

தேடிப் போனவள் அதிக தூரம் நடக்கவில்லை. தெருமுனைச் சடைக்கடையில் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை சடை ஒழுங்காக இல்லையென்றால் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவளும் சிறுவயதில் சனிக்கிழமைகளை அப்படிக் கழித்தவள்தான். தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட பிறகு அது மறந்தே போயிருந்தது.

கடைக்காரி அலேகோவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அதனால் எல்லாருக்கும் அவள் நியார் அலேகோ, அலேகோ மகள்.

"மொட்டைத் தலைக்கு என் கடையில என்னடி வேலை?" என்றாள் அவள்.

"பிள்ளைங்களத் தேடி வந்தேன்க்கா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"தலைக்கு ரெண்டு மணி நேரம். காத்துக்கிடக்கறது தனி."

"அதுவரைக்கும் கை சும்மாதானே இருக்கு?"

நியார் அலேகோ பின்னுவதை நிறுத்தினாள். "கை அசைஞ்சா தோள் அசையும், தோள் அசைஞ்சா தலை அசையும். வகிடு கோணலாப் போனா இவங்கம்மா உன்னையா வைவா?"

இருவரும் பேசிப்பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பிடரியில் பின்னும்போது தலை குனிந்திருக்கும். அப்போது மடியில் வைத்துக் கம்பி முறுக்கலாம். நெற்றியில் பின்னும்போது கை அசையக் கூடாது; வண்டி முதலில் என்ன செய்ய வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கட்டளைகளை வாயால் சொல்ல வேண்டியதுதான். பக்கத்தில் காத்திருப்பவள் எழுதிக்கொள்வாள். பையன்கள் மூவரும் கடைக்கே வந்துவிட்டார்கள்.

பழைய பாட்டுப்பெட்டியின் மோட்டார், செருப்பில் வெட்டிய சக்கரம், அடியில் ஒரு கண். தரையில் கறுப்புக் கோட்டைக் கண்டால் அதைப் பிடித்துக்கொண்டே போகும் வண்டி. நூலகத்தில் ஒழுங்காக ஓடியது, இங்கே பித்துப்பிடித்ததுபோல் சுற்றியது. தரையெல்லாம் உதிர்ந்த கறுப்பு முடி; எதைப் பிடிப்பதென்று அதற்குத் தெரியவில்லை.

"அக்கா, முடிதான் அதுக்குப் பிடிக்குதுன்னா முடியையே போடுங்களேன்," என்றாள் லேவெண்டர். பதினொரு வயது, தலை அப்போது நியார் அலேகோவின் பிடியில் இருந்தது.

தரையைப் பெருக்கி, செயற்கை முடியில் தடிமனாக ஒரு சடை பின்னி வளைத்துப் போட்டார்கள். வண்டி அதன் வழியே போயிற்று.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒமொல்லோ பதிவேட்டோடு வந்தார். அறையில் பூட்டு. விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்து வாசலில் நின்றார். சடை முடியும் இடத்தில் அவருடைய கறுப்புச் சப்பாத்து இருந்தது. வண்டி நேரே அதில் ஏறப் பார்த்து, சக்கரம் சுழல நின்றது. பிள்ளைகள் தலை அசையாமல் சிரித்தார்கள்.

"பன்னெண்டு பேர், எண்ணிட்டேன்," என்றார் அவர். "ஆனா அறையில நடக்காத சங்கத்துக்கு அறை எதுக்கு அபோண்டி? கிழமையை மாத்து. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கோயேன்."

"ஞாயித்துக்கிழமை கோயில், சார். மத்த நாள்ல பள்ளி விட்டு வரவே ஆறாகுது. நீங்க அஞ்சுக்கே மூடிடறீங்க."

"பாட்டுக்காரங்க அறைக்குள்ளயா பாடப்போறாங்க?" என்றாள் நியார் அலேகோ. "எங்க காதுக்குள்ளதான் பாடுவாங்க."

ஒமொல்லோ பதிவேட்டை விரித்தார். பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். அபோண்டி சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மின்சாரம், அலமாரி, பூட்டு. அங்கே மூன்று பேர், இங்கே பன்னிரண்டு.

"இந்தாங்க சாவி," என்றாள். "பதிவேட்டுல சங்கத்துக்குப் பன்னெண்டு பேர்னு மட்டும் எழுதிடுங்க."

எழுதினார். எழுதியதை அவளிடம் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நூலக அலமாரியில் இருந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது, நியார் அலேகோ முடிக்கட்டுகளை மேலே ஏற்றி அடித்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"இது உன்னோடது. கம்பி ஒட்ட ஈயம் உருக்கறதெல்லாம் வாசல்ல வெச்சுக்கோ. இந்த முடி பொசுக்குனு பத்திக்கும்."