பஞ்சு இறைத்த தண்ணீர்

என் வீட்டுக்காரரைப் படகுத்துறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பஞ்சு என்றால்தான் தெரியும். தண்ணீரை ஒற்றி எடுக்கிற பெரிய மஞ்சள் பஞ்சு ஒன்று எப்போதும் கையில் இருக்கும், அதனால் வந்த பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேஷன்ட் பெயர் என்ன என்று கேட்டபோது நானே ஒரு கணம் யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரெல்லாம் தண்ணீருக்கு அலைகிறது, இவருக்குத் தண்ணீரை ஒழிப்பதே பிழைப்பு. பாய்மரப் படகின் உள்ளே நாம் நிற்கிற தரைப் பலகையைத் தூக்கினால் கீழே ஒரு பள்ளம் இருக்கும். பில்ஜ் என்பார்கள். மழைத்தண்ணீர், கடல்தண்ணீர், என்ஜின் ஒழுகவிட்ட எண்ணெய், மேலே யாரோ தட்டிவிட்ட டீ, எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். படகு வைத்திருப்பவர்கள் விடுமுறைக்கு வருவார்கள், பாயை ஏற்றுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பவர் இவர்.

முதலில் கைப்பம்பால் இறைப்பார். பம்பு காற்றைக் குடிக்க ஆரம்பித்ததும் தகரக் குவளை. குவளை நுழையாத இடுக்குக்குப் பஞ்சு. அதற்கும் பிறகு துணி. துணி என் உபயம். ஆஸ்பத்திரிகளுக்குத் துவைத்துக் கொடுக்கிற சலவைக்கூடத்தில் எனக்கு வேலை, அங்கே கிழிந்து கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவேன். துடைத்து முடித்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கை ஈரமானால் மறுபடியும் துணி. "இது படகா, பச்சைக்குழந்தையா?" என்று ஒருமுறை கேட்டேன். எங்கள் மகள் பச்சைக்குழந்தையாக இருந்தபோது இவர் ஒருநாளும் ஈரத்துணி மாற்றியதில்லை.

இறைக்கும் முன் ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பார். சப்பென்று இருந்தால் மழை. மேல்தளத்தில் எங்கோ ஒழுகுகிறது, அடைத்துக்கொள்ளலாம். உப்புக் கரித்தால் கடல், அடியிலேயே கோளாறு. நாளெல்லாம் இப்படி நக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, "சாப்பாட்டுல உப்பே இல்லையே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவர் பார்த்துக்கொண்ட படகுகளில் ஒன்றே ஒன்றுதான் மரத்தில் செய்தது. அது பல் டாக்டருடையது. நல்ல மனிதர், மனைவியை இழந்தவர், வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் பையைக்கூட இறக்காமல் தரைப் பலகையைத் தூக்கி, பள்ளத்தில் விரலை ஓட்டி, அந்த விரலைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக் காட்டுவார். "பாத்தியா பஞ்சு, சொட்டு ஈரமில்ல! இந்தத் துறையில யாருக்குய்யா இப்படிப் படகு இருக்கு?" என்று இவர் தோளில் தட்டுவார். அன்றைக்கு மட்டும் இவர் வீட்டுக்கு வரும்போது முகத்தில் ஒரு தனிக்களை தெரியும். நானும் அன்றைக்கு எதையும் குத்திக்காட்ட மாட்டேன்.

போன வருஷத்திலிருந்து இவர் கிளம்புகிற நேரம் முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. திரும்புகிற நேரம் பின்னால் போனது. லீவு நாளிலும் போனார். குனிந்து நிமிரும்போது அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்வார்.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

இந்த ஒண்ணுமில்லையை நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். காய்ச்சல் வந்தாலும் ஒண்ணுமில்ல, விரல் நசுங்கினாலும் ஒண்ணுமில்ல. அதட்டி உருட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். குடல் பிதுங்கியிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது, பம்பு அடிக்கக்கூடாது, ஆபரேஷன் செய்யணும் என்றார்கள். இவர் தள்ளிப்போட்டார். பல் டாக்டரும் அவர் மகளும் தீவுக்குப் போய்வரப் போகிறார்கள், அது முடியட்டும் என்றார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போகப்போகிற பெண். அதற்குமுன் அப்பாவோடு ஒரு பயணம்.

அவர்கள் கிளம்ப இருந்த வாரத்தில், புதன்கிழமை, இவர் படகுத்துறையிலேயே சுருண்டு விழுந்தார். கயிற்றுக்கடைக்காரர்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடல் சிக்கிக்கொண்டதாம், அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். மறுநாள் கண் விழித்ததும் இவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "படகு."

"நான் ஒருத்தி பக்கத்துல உக்காந்திருக்கேன், அது தெரியல. படகு தெரியுது."

"இன்னிக்கு யாரும் இறைக்கலையே. நீ போயி ஒருதடவ இறைச்சிட்டு வாயேன். சாவி சட்டைப் பையில இருக்கு."

எனக்கும் பாரம் தூக்கிப் பழகிய உடம்புதானே என்று போனேன். அத்தனை வருஷத்தில் அந்த மரப்படகுக்குள் நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. எண்ணெயும் ஊறிய மரமும் கலந்த நாற்றம். இவர் கழற்றி மூலையில் வைத்திருந்த தானியங்கிப் பம்பு தூசி படிந்து கிடந்தது. பல் டாக்டர் வாங்கிக் கொடுத்தது. பேட்டரியைக் குடித்துவிடும் என்று இவர் கழற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார். பலகையைத் தூக்கினேன். கறுப்புத் தண்ணீர் பலகையைத் தொடுகிற மாதிரி நின்றது.

இறைத்தேன். அடிக்க அடிக்க வந்துகொண்டே இருந்தது. ஈர விரிப்புகளைத் தூக்கியே காய்த்துப்போன கை என்னுடையது, அதுவும் சலித்துவிட்டது. ஒற்றித் துடைத்துக் காயவைத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போய்ப் பார்த்தால் மறுபடியும் அதே அளவு. மழை ஒரு தூறல்கூட இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. இவர் விடிவதற்கு முன்னால் ஓடியதும், தானாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும் அந்தப் பம்பைக் கழற்றி வைத்ததும், அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிமிர்ந்ததும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. இறைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஏங்க, அந்தத் தண்ணி எத்தனை நாளா வருது?"

"மரப்படகுன்னா கொஞ்சம் வரத்தான் செய்யும்."

"கொஞ்சமா அது? எங்க சலவைத் தொட்டியில பாதி வரும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிக்கட்டையை ஒட்டிய பலகை உளுத்துவிட்டது, இணைப்பில் தண்ணீர் புகாமலிருக்கத் திணித்திருந்த நூலும் இற்றுவிட்டது என்று மெல்லச் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு குவளைதான் வந்ததாம். ஒரு குவளைக்காகப் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். அது ஒரு வாளியானபோது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று விட்டுவிட்டார்.

"டாக்டர் கடலுக்குப் போறப்பல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"நானும்தான் கூடப் போவேனே. டீ போடுறேன்னு கீழ இறங்கி இறைச்சிடுவேன். கடல்ல ஓடும்போது இன்னும் கூடத்தான் வரும்."

"ஞாயித்துக்கிழமை அவரும் அந்தப் பொண்ணும் மட்டும் போறாங்க. யாரு இறைப்பா?"

"அதுக்குள்ள நான் எந்திரிச்சிடுவேன்."

"பாத்ரூம் போகவே ரெண்டு பேர் பிடிக்கணும், நீங்க எந்திரிச்சுக் கடலுக்குப் போறீங்க!"

"நீ அதுவரைக்கும் காயவச்சு மட்டும் வை. வந்ததும் அவர் பலகையைத் தூக்கிப் பாப்பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. தையல் போட்ட வயிறு, என்ன செய்ய? வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லக்கூடாதா என்பீர்கள். சொன்னேன். "படகுல தண்ணி ரொம்ப வருதுங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "பஞ்சு படுத்துட்டார்னு நீங்க பயந்து போயிருக்கீங்கம்மா. அது அவர் கைபட்ட படகு. போன மாசம் நானே தொட்டுப் பாத்தேனே, சொட்டு ஈரமில்ல. நீங்க அவரைக் கவனிங்க. நான் வந்து பாக்கிறேன்." அவ்வளவுதான். இவர் காயவைத்த பள்ளத்தை டாக்டர் நம்புவாரா, என் வார்த்தையை நம்புவாரா?

சனிக்கிழமை வேலை முடிந்து படகுக்குப் போனேன். காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருந்தது. பலகையைத் தூக்கி, பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இறைத்தால் நாளைக்கு அந்தப் பெண் காய்ந்த படகில் சிரித்துக்கொண்டே ஏறிவிடும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கையைப் பிடித்துக்கொள்கிற பெண். கைப்பிடியை விட்டுவிட்டுப் பலகையை மூடினேன். ஒரு நாளில் மூழ்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் எங்கே வந்தது?

ஞாயிறு காலை அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். படகு வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றது. டாக்டர் பையோடு இறங்கி, பழக்கம் போலப் பலகையைத் தூக்கப் போனார். தூக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பலகைக்கு மேலேயே வந்திருந்தது. அவர் செருப்பு நனைந்தது.

"என்னம்மா இது?" முகத்தில் சிரிப்பே இல்லை. "ரெண்டு நாள் பாத்துக்கச் சொன்னா இப்படியா விடுவீங்க? அந்த மனுஷன் இத்தனை வருஷம் கண்ணு மாதிரி வச்சிருந்தாரு."

"நேத்து ஒருநாள்தான் இறைக்கல டாக்டர். தினமும் இவ்வளவு வரும். வந்ததை அவர் இறைச்சுக்கிட்டே இருந்தாரு."

"பஞ்சு என்கிட்ட ஒருவார்த்த சொல்லாம இருப்பாரா? எதையோ திறந்து விட்டுட்டீங்க நீங்க."

எவ்வளவு பாடுபட்டு அந்த மனுஷன் எனக்கு இந்தப் பேச்சை வாங்கிக் கொடுத்திருக்கிறார்! என் போனில் இவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் முன்னால் நீட்டினேன். இவர் என்ன சொல்வார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் மறந்திருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பெயர் பிழைத்துவிடும். அந்தப் பெண் மிதவை ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது.

"பஞ்சு, படகு நிறையத் தண்ணி நிக்குதுய்யா" என்றார் டாக்டர்.

அந்தப் பக்கம் ஏதோ டிராலி உருள்கிற ஓசை கேட்டது.

"அவ இறைக்கலையா?" என்றார் இவர்.

"இறைக்கலையாம்."

பிறகு, "நல்லதுதான் பண்ணியிருக்கா" என்றார். "அது தினமும் வர்ற தண்ணிதாங்க. ஒரு வருஷத்துக்கு மேலயே வருது. நீங்க வர்றதுக்கு முன்னாடி இறைச்சுத் தொடச்சிடுவேன். பாப்பாவ அதுல ஏத்தாதீங்க."

டாக்டர் ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன்யா சொல்லல? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"நீங்க விரல வச்சுப் பாத்துட்டுத் தோள்ல தட்டுவீங்க. அது இல்லாமப் போயிடுமேன்னு இருந்துச்சு."

அந்தப் பெண் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குவளையை எடுத்தார். நான் பம்பைப் பிடித்தேன். மூன்று பேரும் சேர்ந்து இறைத்தோம். நல்ல வெயில் ஏறும்வரை ஆயிற்று.

மறுவாரம் படகைக் கரையேற்றினார்கள். தச்சர் அடிப்பலகையில் திருப்புளியை வைத்து அழுத்தினார், பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசியது கொஞ்சம்தான். போகும்போது இவர் தோளில் தட்டக் கையை ஓங்கியவர், ஊசி குத்தியிருந்த கையைப் பார்த்து, மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனார்.

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, கழித்த விரிப்புகளில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கி விரித்தேன். இறைக்க ஒன்றுமில்லாத கை மடியில் சும்மா கிடந்தது. சாய்ந்து படுக்கும்போது அடிவயிற்றில் கை போயிற்று, முகம் சுளித்தது. பதில் தெரிந்த கேள்விதான், இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"வலிக்குதா?"

இவர் வாயைத் திறந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போக ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

"வலிக்குது" என்றார். "ரொம்ப நாளாவே வலிக்குது."

நான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும் என்று விட்டுவிட்டு, "எங்கங்க வலிக்குது, காட்டுங்க" என்றேன்.